ருமானாவின் வைவாவுக்கு வந்த ஜனம்

சிஹாபுதீனுக்கு ஓர் அழைப்பு வந்துவிட்டால் அதைச் சும்மா மடித்து வைக்கத் தெரியாது. விளக்குத்தூண் பக்கம் கைலிக் கடை வைத்திருப்பவர். கல்யாணமோ, கடை திறப்போ, பேர் வைப்போ, கூப்பிட்ட இடத்தில் முதல் வரிசையில் இருப்பார். தன் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் காஜிமார் தெருவில் ஒரு கதவு விடாமல் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவார். அப்படிப்பட்டவர் கையில்தான் மகள் ருமானாவின் வைவா நோட்டீஸ் வந்து சேர்ந்தது.

ருமானா கல்லூரி ஒன்றில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டே பி.எச்.டி. செய்துகொண்டிருந்தாள். "எப்பம்மா முடியும், எப்பம்மா முடியும்" என்று அத்தா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தினமும் கேட்டதால், வாய்மொழித் தேர்வுக்கான அந்த நோட்டீஸ் வந்ததும் அதை அவருடைய போனுக்கு அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அனுப்பியதுதான் தப்பு என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

சித்திரை வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த மத்தியானம். கடையில் ஈ ஓட்டக்கூட ஆளில்லை. இங்கிலீசில் இருந்த நோட்டீசைப் பக்கத்து எவர்சில்வர் பாத்திரக்கடை மின்ஹாஜிடம் காட்டினார் சிஹாபுதீன். மின்ஹாஜ் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு படித்தான்.

"பாப்பா பேரு போட்டுருக்குண்ணே. டாமினேஷன்னு ஏதோ தலைப்பு. அப்படின்னா ஆதிக்கம். கீழ பாருங்க, 'ஆல் ஆர் கார்டியலி இன்வைட்டட்'னு இருக்கு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"எல்லாரும் வரணும்னு அன்போட கூப்புடுறாங்க."

"யாரு கூப்புடுறா?"

"யுனிவர்சிட்டிண்ணே. புரபசர் கையெழுத்தே போட்டுருக்காரு."

சிஹாபுதீன் போனை வாங்கி, அந்தக் கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நம்ம பிள்ளை பேரைப் போட்டு யுனிவர்சிட்டியே ஊரைக் கூப்புடுது மின்ஹாஜு. பெத்தவன் நான் கூப்புடாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் நோட்டீஸ் குடும்பக் குரூப்பு, ஜமாத் குரூப்பு, வியாபாரிகள் குரூப்பு மூன்றிலும் ஏறிவிட்டது. போனில் சொன்னால் மரியாதை இல்லை என்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு நேரிலும் போனார். "வெள்ளிக்கெழமைக்கு மொத நா, காலைல. ஆல் ஆர் கார்டியலி இன்வைட்டட்" என்று அந்த ஒரு வரியை மட்டும் தெளிவாகச் சொல்லப் பழகிக்கொண்டார். பழங்காநத்தத்தில் இருக்கும் தங்கை சனோபர், "வேன் புடிச்சே வந்துர்றோம்ண்ணே, நம்ம சனமெல்லாம் பஸ்ல ஏறுனா தொலைஞ்சு போகும்" என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் சால்னாவும். ருமானா தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தா, சனோபர் குப்பி போன் பண்ணாங்க. வேன் புடிச்சு வாராங்களாம்."

"ஆமா. ஒன் வைவாவுக்குத்தான்."

"வைவாவுக்கு யாருத்தா வேன் புடிச்சு வருவா? அது பரீட்சை. வெளியூர்லருந்து ஒரு புரபசர் வந்து என்னையக் கேள்வி கேப்பாங்க. எல்லாரும் வாங்கன்னு போடுறது சும்மா விதிக்காகப் போடுறது. யாரும் வர மாட்டாங்க."

"கூப்புட்டுட்டு, வர மாட்டாங்கன்னு நெனைக்கிறது என்ன பழக்கம்? படிச்சவங்க செய்யுற வேலையா அது?"

"கூட்டத்துல யாருக்காச்சும் கேள்வி இருக்கான்னு ஒரு பேச்சுக்குக் கேப்பாங்க. அதுக்குக்கூட நாங்களே கூடப் படிக்கிற பிள்ளைங்க ரெண்டு பேருட்ட சொல்லி வச்சிருக்கோம்."

"கேள்வி கேக்குறதுக்கு ஆளா இல்லை? ஒங்க குப்பி ஒருத்தி போதாது?"

அடுப்படியில் இருந்த அவர் மனைவி சாதிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ருமானா சிரிக்கவில்லை.

"அத்தா, வாரவங்க முனீஸ்வரி மேடம். திருநெல்வேலிக்காரங்க. போன வருஷம் ஒருத்தரைத் திருப்பி எழுதிட்டு வான்னு அனுப்பிட்டாங்க. எங்க சாருக்கே அவங்கன்னா பயம். எனக்குத் தெரியாத ஆளுக முன்னாடின்னா நாள் பூரா பேசுவேன். சொந்தக்காரங்க மூஞ்சியைப் பாத்தா நாக்கு ஒட்டிக்கும். ஒங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடையேறிய மகள் முதல் வரிசையில் தன் குடும்பத்தைப் பார்த்ததும், "பெரியோர்களே" என்று சொன்ன கையோடு இறங்கி வந்ததை அவர் மறக்கவில்லை. ஆனாலும் அது சின்னப் பிள்ளையில் நடந்தது.

"அதெல்லாம் இப்ப வராதும்மா."

"வரும்த்தா. யாரும் வர வேணாம்னு சொல்லிருங்க." இடியாப்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்களும் வர வேணாம்."

சிஹாபுதீன் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். அதன் பிறகு மகளிடம் அவர் பேசவில்லை. 'நீங்களும்' என்ற அந்த ஒரு சொல், மீன் முள் மாதிரி எங்கேயோ மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

மறுநாள் கிளம்பினார். ஊரைக் கூப்பிட்டுப் பழகிய கால்களுக்கு, வர வேண்டாம் என்று சொல்லப் போவது எப்படி என்று தெரியவில்லை. வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முதலில் மின்ஹாஜிடம் வந்தார்.

"வியாழக்கெழமை வர வேணாம் மின்ஹாஜு."

"ஏண்ணே, தேதி மாறிருச்சா?"

"தேதி அதேதான்."

"எடம் மாறிருச்சா?"

"எடமும் அதேதான். ஆனா வர வேணாம்."

மின்ஹாஜ் தேக்சாவைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான். குரலைத் தாழ்த்தினான். "என்னண்ணே நடந்துச்சு? எங்கிட்ட சொல்லுங்க. நான் வெளியில விட மாட்டேன்."

ஒன்றும் நடக்கவில்லை என்று சிஹாபுதீன் எவ்வளவு அழுத்திச் சொன்னாரோ, மின்ஹாஜின் முகம் அவ்வளவு இருண்டது. தெருவுக்குள் போனபோதும் அதே கதைதான். நிச்சயித்த கல்யாணம் நின்று போனால்தான் வீடு வீடாகப் போய் வர வேண்டாம் என்று சொல்வார்கள். ஜனங்களுக்குத் தெரிந்த ஒரே 'வர வேண்டாம்' அதுதான். வெற்றிலை பாக்குக் கடைக்காரர் அவர் சொல்லி முடிப்பதற்குள் தோளில் கை வைத்து, "அல்லா வேற நல்ல வழி வச்சிருப்பான், மனசை விடாதீங்க" என்றார். இன்னொரு வீட்டில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் காதோடு வந்து, புரபசர் ஏதும் எதிர்பார்க்கிறாரா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே சட்டையைக் கழற்றிப் போடுவதற்குள் சனோபர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். வாசலிலிருந்தே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நின்னுபோச்சாமேண்ணே."

"என்ன நின்னுபோச்சு?"

"பிள்ளையோட வைவா. எம்புட்டு வருஷமாப் படிச்சா. கல்யாணத்தைக்கூடத் தள்ளிப் போட்டுக்கிட்டுப் படிச்சாளே."

"நிக்கலை சனோபரு. நடக்குது."

"நடக்குதுன்னா ஏன் வர வேணாங்குறே?"

"அவளுக்குக் கூச்சமா இருக்காம்."

"பி.எச்.டி. படிக்கிறவளுக்கு என்னண்ணே கூச்சம்? எங்கிட்டப் போய் மறைக்கிறியே. கூடப் பெறந்தவ நான்."

சாதிகா காபியோடு வந்தாள். அவள் சொல்லியும் சனோபர் நம்பவில்லை. பின்னாலேயே மின்ஹாஜ், ஜமாத்துக்காரர்கள் இரண்டு பேர், ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் என்று வீடு நிறைந்துவிட்டது. எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆறுதல் சொல்லும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர், தன் மச்சான் மகன்கூட டாக்டருக்குப் படித்துப் பாதியில் விட்டவன்தான், இப்போது துபாயில் நன்றாக இருக்கிறான் என்று ஆரம்பித்தார்.

சிஹாபுதீனுக்குத் தாங்கவில்லை. எம் பிள்ளையைத் தோத்தவ வரிசையில உக்கார வச்சுட்டாங்களே என்று ரத்தம் ஏறியது.

"எவன் சொன்னான் நின்னுபோச்சுன்னு? வியாழக்கெழமை காலைல நடக்குது. நம்பிக்கை இல்லாதவன் எல்லாம் வந்து கண்ணால பாத்துக்கங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சாதிகா காபித் தட்டை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். சனோபர் மூக்கை உறிஞ்சிவிட்டு எழுந்தாள்.

"அப்ப வேனைச் சொல்லிர்றேன்" என்றாள்.

முதலில் கூப்பிட்டபோது வருகிறோம் என்று சொன்னவர்களில் பாதிப்பேர் வந்திருக்க மாட்டார்கள். கணக்குப் பரீட்சையைப் பார்க்க வேகாத வெயிலில் யார் போவார்கள்? இப்போது நின்றுபோனதா இல்லையா என்ற கேள்வி வந்துவிட்டதால் ஒருவரும் வீட்டில் தங்கவில்லை. வியாழக்கிழமை காலையில் ஒரு வேன் போதாமல் பின்னால் இரண்டு ஷேர் ஆட்டோக்களும் சேர்ந்து கிளம்பின. ருமானா அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள்.

"நான் வரலை. எம் பிள்ளை வர வேணாம்னு சொல்லிருச்சு" என்று சிஹாபுதீன் கைலியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஊரே போகுது. பெத்தவன் வராட்டி அதுக்கு வேற ஒரு கதை கட்டுவாங்க. வேட்டியைக் கட்டுங்க" என்றாள் சாதிகா.

நாகமலை தாண்டி யுனிவர்சிட்டி போய்ச் சேரும்வரை வேனுக்குள் அனல்தான். பின்சீட்டில் சனோபரின் காலடியில் பெரிய தேக்சா ஒன்று துணி கட்டி இருந்தது.

"அது என்னது?"

"நெய்ச்சோறு. தால்ச்சா தனியா அந்தப் பக்கம் இருக்கு."

"எதுக்கு?"

சனோபர் வெளியே பார்த்துக்கொண்டாள். "ஏதும் ஒண்ணு ஆகிருச்சுன்னா ஒங்க வீட்டுல அடுப்புப் பத்த வைக்க மாட்டீங்கள்ல. துக்க வீட்டுக்குச் சோறு நாமதான கொண்டு போகணும்."

சிஹாபுதீன் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணிதத் துறையின் கருத்தரங்க அறையில் ஏழெட்டு நாற்காலிகள் போதும் என்று போட்டிருந்தார்கள். கூட்டம் உள்ளே நுழைந்ததும் ருமானாவின் வழிகாட்டி பாண்டியராஜன் சார் எழுந்து நின்றார். பிறகு தானே போய் அடுத்த வகுப்பிலிருந்து பெஞ்சுகளை இழுத்துப்போட ஆரம்பித்தார். மின்ஹாஜ் ஒரு முனையைப் பிடித்தான். கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்ற ருமானாவின் முகம் வெளுத்துப்போனதை சிஹாபுதீன் பார்த்தார். மகள் அவரைத்தான் பார்த்தாள். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

முனீஸ்வரி மேடம் வந்தார். சின்ன உருவம். பருத்திச் சேலை, கையில் தடித்த ஆய்வேடு. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இவங்கெல்லாம் யாரு?"

பாண்டியராஜன் சார் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "பப்ளிக், மேடம்."

"பப்ளிக்கா?"

"நோட்டீஸ் பாத்துட்டு வந்திருக்காங்க மேடம்."

மேடம் வரிசை வரிசையாகப் பார்த்தார். முக்காடு போட்ட பெண்கள், தொப்பி போட்ட பெரியவர்கள், தூக்குவாளி, குழந்தை ஒன்று. "எத்தனையோ வருஷமா பப்ளிக் வைவா நடத்துதேன். பப்ளிக்கை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் கோபமாகச் சொன்னாரா சந்தோஷமாகச் சொன்னாரா என்று யாருக்கும் புரியவில்லை.

ருமானா இங்கிலீசில் ஆரம்பித்தாள். எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். தலைப்பைச் சொன்னாள். அதோடு நின்றது. திரையில் எழுத்து இருந்தது, வாயில் இல்லை. சனோபர் முன்வரிசையில் உட்கார்ந்து அவளைப் பார்த்து மெல்லத் தலையாட்டி உற்சாகப்படுத்த, அவளுக்கு நாக்கு இன்னும் ஒட்டிக்கொண்டது. சிஹாபுதீனுக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. தான் ஒருவன் வெளியே போனால் மகளுக்குக் கொஞ்சம் மூச்சு வருமோ என்று பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். சாதிகா வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

முனீஸ்வரி மேடம் பேனாவை மூடினார். "ருமானா, வந்திருக்கது ஒங்க ஆட்கள்தான?"

"ஆமா மேடம்."

"மொதல்ல அவங்களுக்குப் புரியுத மாதிரி தமிழ்ல சொல்லுங்க. நானும் கேட்டுக்கிடுதேன். பெறகு நம்ம பாஷைக்கு வருவோம்."

ருமானா பலகைக்குப் போனாள். சாக்பீசால் ஒரு கோடு போட்டாள். குறுக்கே இன்னும் சில. "இது நம்ம காஜிமார் தெருன்னு வச்சுக்கங்க" என்றாள், குரலே எழும்பாமல். "ஒவ்வொரு முக்கும் ஒரு புள்ளி. டீக்கடை வைக்கணும். ஒவ்வொரு முக்குலயும் வைக்க முடியாது. ஒரு முக்குல நின்னா, அங்கயே டீக்கடை இருக்கணும், இல்லாட்டி அடுத்த முக்குலயாச்சும் இருக்கணும். எம்புட்டுக் கொறைச்சலா வச்சு எல்லா முக்கையும் சமாளிக்கலாம்? அதுதான் கேள்வி." ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டாள். "இப்ப இந்த முக்குல ஒரு டீக்கடை."

"அங்க டீக்கடை கெடையாதும்மா" என்றான் மின்ஹாஜ். "அது சைக்கிள் கடை."

"சும்மா ஒரு பேச்சுக்கு சாச்சா."

"பேச்சுக்குன்னாலும் அவன் எடத்தைத் தர மாட்டான். போன மாசம் கேட்டுப் பாத்தாச்சு."

"அந்தப் பக்க முக்குல வைக்கலாம்" என்றாள் சனோபர்.

"அங்க வச்சா இந்த ரெண்டு முக்கும் விட்டுப்போகும் குப்பி. பாருங்க."

"ஏன், நடந்து போகட்டுமே. ஒரு டீக்கு நடக்க மாட்டாகளா?"

"நடக்கக் கூடாதுங்கிறதுதான் குப்பி கணக்கே." ருமானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சாக்பீசை அழுத்திப் பிடித்து, சைக்கிள் கடையை அழித்து, மூன்று இடத்தில் வட்டம் போட்டு, ஒவ்வொரு முக்காகக் கை வைத்துக் காட்டினாள். இரண்டு வைத்தால் ஏன் போதாது என்று சனோபரிடம் வாதாடி ஜெயித்தாள். வீட்டில் பேசுகிற குரல் வந்துவிட்டது. சனோபர் சமாதானமாகி, "சரி, மூணே இருக்கட்டும்" என்று அனுமதி கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ருமானா இங்கிலீசுக்குப் போனாள், நிற்கவில்லை. கடகடவென்று எழுதினாள், அழித்தாள், எழுதினாள். பாதிப்பேர் மின்விசிறிக்குக் கீழே தூங்கிவிட்டார்கள். சிஹாபுதீன் ஒரு சொல்லும் புரியாமல், கண் இமைக்காமல், கிரிக்கெட் பார்ப்பவர் மாதிரி மகளையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் கேட்ட ஒரு கேள்விக்கு மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியலை மேடம். முயற்சி பண்ணேன், வரலை" என்று சொன்னபோது அவருக்கு உயிர் போய் வந்தது. "தெரியலைன்னு சொல்லிட்டாளேண்ணே" என்று மின்ஹாஜ் காதைக் கடித்தான். மேடம் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

கடைசியில் பாண்டியராஜன் சார் எழுந்தார். விதிப்படி கேட்டே ஆக வேண்டிய வரியை, ஒரு பயத்தோடு கேட்டார். "கூட்டத்துல யாருக்காவது கேள்வி இருக்கா?"

சொல்லி வைத்திருந்த இரண்டு மாணவர்கள் எழுவதற்குள் சாதிகா எழுந்துவிட்டாள். சிஹாபுதீன் திடுக்கிட்டார். கட்டிய நாளிலிருந்து நாலு பேர் கூடிய இடத்தில் அவள் குரலை அவர் கேட்டதில்லை.

"அந்த மூணு டீக்கடையில ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்து கடை தொறக்கலைன்னா, அவனை நம்பி இருக்குற முக்குக்காரங்க என்ன செய்வாங்க?"

ருமானாவின் முகம் மலர்ந்தது. "அதுதாம்மா என் நாலாவது அத்தியாயம். அதுக்காகத்தான் ஒவ்வொரு முக்குக்கும் ரெண்டு கடையாச்சும் கைக்கெட்டுற மாதிரி வைக்கணும். ஒண்ணு மூடுனாலும் இன்னொண்ணு பாத்துக்கும். அதுக்கு எம்புட்டுக் கடை வேணும்னு கண்டுபுடிச்சிருக்கேன்."

"அப்ப ஒனக்குத் தெரிஞ்சுதான் இருந்துருக்கு."

"என்னம்மா?"

"போன ஐப்பசியில எனக்கு டெங்கு வந்து படுத்தப்ப, நீயும் ஒங்க அத்தாவும் பத்து நாளும் ஓட்டல் பரோட்டா வாங்கித் தின்னீங்க. வீட்டுல ரெண்டாவது கடை யாருன்னு எவரும் யோசிக்கலை. ஒனக்குத் தெரியாதுன்னு நான் நெனைச்சேன்" என்று சொல்லிவிட்டு சாதிகா உட்கார்ந்தாள்.

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துச் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் சத்தம் அடங்கவே இல்லை. முனீஸ்வரி மேடம் ஆய்வேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ருமானா சாக்பீசும் கையுமாக நின்றாள். "இதுக்கு எங்கிட்ட பதில் இல்லை" என்றாள்.

அதன் பிறகு மற்ற கைகளும் எழும்பின. பாண்டியராஜன் சார் நேரமாகிவிட்டது என்று கும்பிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பினார். வராந்தாவில் புங்கமரக் காற்று கொஞ்சம் இருந்தது. சிஹாபுதீன் தூணைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் ஓதிக்கொண்டே நின்றார். கதவு திறந்தது. மேடம் பட்டத்துக்குப் பரிந்துரைத்துவிட்டார் என்று பாண்டியராஜன் சார் அறிவித்தார். அறிவித்தது இங்கிலீசில். யாரும் அசையாததைப் பார்த்து, "பாஸு" என்று சேர்த்துக்கொண்டார். 'அல்ஹம்துலில்லாஹ்' என்று எழுந்த சத்தத்தில் மாடியிலிருந்த இயற்பியல் துறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

துக்கத்துக்கு வந்த நெய்ச்சோற்றை மரத்தடியில் வைத்துத் திறந்தார்கள். தால்ச்சாவில் கறியும் மாங்காயும் போட்டிருந்தது. முனீஸ்வரி மேடம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சனோபர் போடப் போட வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார். அவருக்குப் போர்த்த சிஹாபுதீன் கொண்டுவந்திருந்த சால்வையை மட்டும், பரீட்சை வைக்க வந்தவருக்கு ஆகாது என்று பாண்டியராஜன் சார் கைகூப்பித் தடுத்துவிட்டார்.

ருமானா தட்டோடு அத்தாவிடம் வந்தாள்.

"வர வேணாம்னு சொன்னேன்ல?"

"ஒனக்காக யாரு வந்தா? நான் பப்ளிக்கா வந்தேன்" என்றார் சிஹாபுதீன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அவள் தன் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அவர் அதைச் சாப்பிட்டார். 'நீங்களும்' என்ற அந்த முள் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை.

கை கழுவப் போனபோது குழாயடியில் ஒரு பெண் தயங்கி நின்றாள். கேள்வி கேட்கச் சொல்லி வைத்திருந்த இரண்டு பேரில் ஒருத்தி. பெயர் பவதாரிணி, அலங்காநல்லூர்ப் பக்கம்.

"அங்கிள், அடுத்த மாசம் எனக்கு வைவா. எங்க வீட்டுல எல்லாரும் வெவசாய வேலைக்காரங்க. அவங்களுக்கு இதெல்லாம் புரியாது. நீங்க எல்லாரும் வருவீங்களா?"

சிஹாபுதீன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். "தேதியைச் சொல்லும்மா. வேனுக்குச் சொல்லணும்." பிறகு ஏதோ தோன்றி நிமிர்ந்தார். "ஒங்க வீட்டுல என்ன சொல்லி வச்சிருக்கே?"

"யாரும் வர வேணாம்னு சொல்லிட்டேன் அங்கிள்."

"அப்ப வந்துருவாங்க" என்றார் சிஹாபுதீன்.